கையொப்பமில்லாச் சுவர்கள்: மைசூரு ஜகன்மோகன் ஓவியக்கூடத்தின் வரலாறு

தென்னிந்தியாவின் முதல் அருங்காட்சியகங்கள் ஓவியத்துக்காக எழுந்தவை அல்ல. 1851இல் சென்னையில் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகமும் 1865இல் பெங்களூரில் திறக்கப்பட்ட அருங்காட்சியகமும் கனிமங்கள், பாடம் செய்த விலங்குகள், நாணயங்கள், கல்வெட்டுகள், விளைபொருள் மாதிரிகள் ஆகியவற்றைத் திரட்டி வைத்த இடங்களாகவே தொடங்கின. இரண்டுக்கும் பின்னால் எட்வர்டு பால்ஃபர் என்ற இராணுவ மருத்துவரின் முயற்சி இருந்தது. உள்ளூர்க் கலைஞனின் கைவேலையைச் சுவரில் மாட்டி, அதைப் பார்ப்பதற்கென்றே பொதுமக்களை உள்ளே விடும் கூடம் என்ற எண்ணம் தென்னாட்டில் வேரூன்ற மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அவ்வாறு வேரூன்றிய தொடக்க இடங்களுள் ஒன்று மைசூருவின் ஜகன்மோகன் அரண்மனை. இன்று ஸ்ரீ ஜெயசாமராஜேந்திர ஓவியக்கூடம் என்ற பெயரில் இயங்கும் அந்த இடம், பெரிய அரண்மனைக்கு மேற்கே சற்றுத் தொலைவில், சுற்றுலாப் பயணிகளின் நிரலில் பெரும்பாலும் இரண்டாம் இடத்தில் நிற்கிறது.

அங்கே வருவோரில் பெரும்பாலோர் இரண்டு பெயர்களைத் தேடி வருகின்றனர். ஒன்று ரவிவர்மா, மற்றொன்று, ஓவியர் பெயர் தெரியாமலே தேடப்படும், கையில் விளக்கேந்திய பெண்ணின் படம். ரவிவர்மா கேரளத்தவர், விளக்கேந்திய பெண்ணைத் தீட்டியவர் மராட்டியர். மைசூருவின் சொந்த ஓவியர்கள் தீட்டியவையோ ஆணியில் தொங்கும் சட்டங்களைவிட அதிகமாகக் கட்டடத்தின் சுவர்களிலேயே இருக்கின்றன. அவற்றின் அடியில் கையொப்பம் இல்லை. வட்டாரக் கலையின் இருப்பிடமாகிய ஒரு கூடத்தில் வட்டாரக் கலைஞன் பெயரற்றவனாகவும் வெளியூர்க் கலைஞன் பெயர் பெற்றவனாகவும் அமைந்தது எப்படி என்ற கேள்விக்கு, அந்தக் கட்டடத்தின் கதையைவிடப் பழைய ஒரு கதையிலிருந்து விடை தேட வேண்டியுள்ளது.

1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்த பின், அங்கே அரசரையும் கோயிலையும் அண்டி வாழ்ந்த சித்திரக்காரக் குடும்பங்கள் புதிய புரவலர்களைத் தேடிப் பல திசைகளில் பிரிந்தன. தெற்கே வந்த ஒரு பிரிவு தஞ்சையில் நாயக்கர்களிடமும் பின்னர் மராட்டியரிடமும் தங்கிற்று. மற்றொரு பிரிவு காவிரிக் கரையின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நிலைத்தது. 1610இல் அந்நகரைக் கைப்பற்றிய ராஜ உடையார் அங்கே தசரா விழாவை விஜயநகர முறையில் தொடர்ந்ததோடு இக்குடும்பங்களையும் ஆதரித்தார் என்பது மரபுவழிச் செய்தி. தஞ்சை ஓவியமும் மைசூர் ஓவியமும் ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் என்று சொல்லப்படுவதற்கு இதுவே அடிப்படை. இரு ஊர்களிலும் ஓவியர் பெயர்களின் இறுதியில் ‘ராஜு’ என்ற ஒட்டு வருவதும் இந்த உறவுக்கு ஒரு சிறு சான்று.

ஆயினும் தமிழ் வாசகருக்குப் பழக்கமான தஞ்சைப் பலகைப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மைசூர் ஓவியத்தைப் பார்க்கிறவர் முதலில் ஏமாற்றமடைவது இயல்பு. தஞ்சையில் பலாப் பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்து நகைகளையும் திருவாசியையும் மேடாக எழுப்பி, அதன்மேல் தங்கத்தகடும் கண்ணாடிக் கற்களும் பதிக்கப்படுகின்றன. பூஜை அறையின் அரையிருளில் விளக்கொளி பட்டு மின்ன வேண்டிய படம் அது. மைசூர் ஓவியத்தில் இந்த மேடு விரல் தடவினால் மட்டுமே தெரியும் அளவுக்குத் தாழ்வானது, கற்கள் பெரும்பாலும் இல்லை, உருவங்கள் மெலிந்தவை, பின்னணியில் குன்றும் ஆறும் மரமும் இருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில், பொறுமையாகப் பார்க்கத் தீட்டப்பட்டது அது.

அந்தப் பொறுமை செய்முறையிலேயே தொடங்குகிறது. நேரான புளியங்குச்சிகளை இரும்புக் குழாயில் அடைத்துக் கரியாக்கி, அந்தக் கரிக்கோலால் முதற்கோட்டை வரைவார்கள். வானம், குன்று, ஆறு எனத் தொலைவிலிருப்பவை முதலிலும், விலங்கும் மனிதரும் அடுத்தும், முகமும் ஆடையும் அணியும் கடைசியிலுமாகப் படம் பின்னிருந்து முன்னோக்கி வளரும். அணில் மயிர்த் தூரிகை கோடுகளுக்கு உதவும். அதனினும் நுண்ணிய கோட்டுக்கு ஒரு வகைப் புல்லின் கூரிய இதழைப் பயன்படுத்தினர். ஈய வெள்ளையும், மக்கி எனப்படும் மஞ்சள் மரப்பிசினும், பசையும் சேர்த்துக் குழைத்த கூழைத் தூரிகையால் தொட்டு, சேலைக் கரையிலும் தூணின் பூவேலையிலும் புள்ளி புள்ளியாக வைத்து, உலர்ந்தபின் தங்கத்தாளை அதன்மேல் ஒட்டுவார்கள். எல்லாம் முடிந்த பின், படத்தின்மேல் மெல்லிய தாளைப் பரப்பி வழவழப்பான கல்லால் தேய்க்கும்போது தங்கம் பளபளப்பதோடு வண்ணப்பரப்பும் சமனாகிறது. இத்தனை உழைப்புக்குப் பின்னும் ஓவியன் தன் பெயரை எழுதுவதில்லை. தெய்வத்தின் நிறம், கைகளின் எண்ணிக்கை, ஏந்திய படை ஆகிய அனைத்தையும் வகுப்பது தியான சுலோகம், அதாவது உருவத்தை மனத்தில் நிறுத்துவதற்கான வடமொழிச் செய்யுள். அதை வழுவின்றிக் கண்ணுக்குக் கொண்டுவருவதே அவனது வேலையாகக் கருதப்பட்டது.

ஸ்ரீரங்கப்பட்டணத்து ஓவியர்கள் சுவரோவியத்திலும் வல்லவர்கள் என்பதற்குத் தரியா தௌலத் மாளிகை நிற்கிறது. திப்பு சுல்தான் 1784இல் கட்டிய அந்தக் கோடை மாளிகையின் மேற்குச் சுவரில், காஞ்சிபுரத்துக்கு அருகில் பொள்ளிலூரில் 1780 செப்டம்பரில் நடந்த போர் விரிவாகத் தீட்டப்பட்டுள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கர்னல் பெய்லி பல்லக்கில் அமர்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார்; வெடிமருந்து வண்டி தீப்பற்றி எரிகிறது; தோற்ற படை ஒரு சதுரமாக நெருங்கிக் குவிந்து நிற்கிறது. அந்தச் சுவர் வெள்ளையடிக்கப்பட்டு மறைந்து, ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் அங்கே தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லியால் மீட்கப்பட்டு, மீண்டும் சிதைந்து, 1850களில் தல்ஹௌசி பிரபுவின் ஆணையால் மறுபடி தீட்டப்பட்டது. பழைய படத்தை அறிந்திருந்த உள்ளூர் ஓவியர் ஒருவரே அதை மீட்டார் என்பர். வெற்றி பெற்ற மன்னர், தோற்ற தளபதி, வெள்ளையடித்ததைச் சுரண்டச் சொன்ன அதிகாரி, மீட்கச் சொன்ன தலைமை ஆளுநர் ஆகிய அனைவரின் பெயரும் நூல்களில் உள்ளன. இருமுறை தீட்டியவர்களின் பெயர் மட்டும் பரவலாக அறியப்படவில்லை.

1799இல் திப்பு மறைந்தபின் கம்பெனியார் அரியணையில் அமர்த்திய மும்மடி கிருஷ்ணராஜ உடையாருக்கு அப்போது வயது ஐந்து. அதே ஆண்டில்தான் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி தம் நாட்டின் நிர்வாகத்தைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். சரபோஜி நூல் சேர்த்தார். மும்மடியார் படம் சேர்த்தார். 1831இல் மைசூர் நிர்வாகத்தையும் கம்பெனி எடுத்துக்கொண்டபின், 1868இல் இறக்கும்வரை அவர் படையும் வரியும் இல்லாத, மானியம் பெறும் அரசராக வாழ்ந்தார். தென்னிந்தியாவின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கலை வரலாற்றில் மிகச் செழிப்பான இரு அவைகள் அதிகாரம் இழந்த இரு அவைகளாக இருந்தது தற்செயல் அன்று. போருக்கும் நிர்வாகத்துக்கும் செல்ல வேண்டிய பணமும் நேரமும் வேறு வாய்க்காலில் பாய்ந்தன.

மும்மடியாரின் ஆதரவில் உருவான பெருநூல் ‘ஸ்ரீதத்துவநிதி’. சக்தி, விஷ்ணு, சிவன் எனத் தொடங்கி ஒன்பது நிதிகளாகப் பகுக்கப்பட்ட இது, தெய்வங்களின் தியான சுலோகங்களையும் அவற்றுக்கேற்ற நூற்றுக்கணக்கான சிற்றோவியங்களையும் ஒருங்கே கொண்டது. ஒவ்வொரு குடும்பமும் தன்வசம் வைத்திருந்த இலக்கணம் இதனால் ஒரே இடத்தில் தொகுக்கப்பட்டது. இந்நூலின் கடைசிப் பகுதியான கௌதுக நிதி விளையாட்டுகளைப் பற்றியது. கஞ்சீபா எனப்படும் வட்டவடிவ ஓவியச் சீட்டுகளுக்கு அரசரே வகுத்த புதிய ஆட்டங்கள் அதில் இடம்பெறுகின்றன. சாமுண்டேஸ்வரி பெயரால் அமைந்த ஆட்டத்துக்கு 320 சீட்டுகள் வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் 320 வட்டங்களிலும் தெய்வமும் வாகனமும் பரிவாரமும் தீட்டப்பட வேண்டியிருந்ததால், அந்த ஆட்டத்தை ஆடி முடித்தவர்களைவிட அதைத் தீட்டிப் பிழைத்தவர்களே அதிகமாக இருந்திருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

இந்த அரசர் 1861இல் கட்டிய மாளிகையே ஜகன்மோகன் அரண்மனை. கோயில் சாயலில் அமைந்த முகப்பும், திருமாலின் பத்து அவதாரங்கள் செதுக்கப்பட்ட மரக்கதவுகளும் கொண்ட இந்த மூன்றடுக்குக் கட்டடத்தின் மேல்தளத்து ரங்கமகால் என்னும் கூடத்தில்தான் மைசூர் ஓவியர்கள் தங்கள் கைத்திறனைச் சுவரளவு விரித்துக் காட்டினர். தசரா ஊர்வலமும் தர்பாரும் அங்கே தீட்டப்பட்டன. உடையார் வம்ச வரிசையை விரிந்த தாமரையின் வடிவில் அமைத்துக் காட்டும் ‘சந்தானாம்புஜம்’ என்னும் மரபு வரைபடமும் அங்கே உண்டு. ஆட்சியைத் திரும்பப் பெறவும், தத்து மகனின் வாரிசுரிமையை ஏற்கச் செய்யவும் கம்பெனியோடும் பின்னர் பிரிட்டிஷ் அரசோடும் பல ஆண்டுகள் கடிதப் போர் நடத்திய ஒருவரின் மாளிகையில் வம்சாவளி சுவரேறியது அழகுக்காக மட்டும் என்று சொல்வதற்கில்லை. தாளில் எழுதியும் பலிக்காத ஒரு வாதம் அங்கே வண்ணத்தில் வைக்கப்பட்டது. 1867இல் வாரிசுரிமை ஏற்கப்பட்டது. 1881இல் ஆட்சி அக்குடும்பத்திடம் திரும்பியது.

ஆட்சியைத் திரும்பப் பெற்ற அந்தத் தத்து மகன் சாமராஜேந்திர உடையாரின் காலத்தில் அவையின் கண் மாறிற்று. ஒளிப்படமும் எண்ணெய் வண்ணமும் வந்துவிட்ட காலம் அது. 1885இல் அவரது அழைப்பில் மைசூருக்கு வந்த ரவிவர்மா அரச குடும்பத்தாரின் உருவப்படங்களைத் தீட்டினார். அரண்மனை ஓவியர்களுக்கு இது சாதாரணச் செய்தியாக இருந்திருக்காது. அதுவரை முகம் என்பது இலக்கணப்படி அமைய வேண்டிய ஒன்று. இனி அது அமர்ந்திருப்பவரைப் போலவே இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய மாற்றம், ரவிவர்மா தம் பெயரோடு வந்து, தம் பெயரோடு திரும்பிச் சென்றவர் என்பது. மாதச் சம்பளத்துக்கும் அரிசிப் படிக்கும் வேலை செய்யும் சித்திரக்காரரோடு ஒப்பிட, சமஸ்தானம் சமஸ்தானமாகப் பயணம் செய்து, படத்துக்கு இத்தனை என்று பேசிப் பணம் பெற்ற ஓவியர் முற்றிலும் புதியதொரு தொழில் வகுப்பைச் சேர்ந்தவராக இருந்தார்.

1897 பிப்ரவரியில் இளவரசி ஜெயலட்சம்மணியின் திருமணத்தின்போது பழைய மர அரண்மனை தீப்பற்றி எரிந்தது. புதிய அரண்மனையை வடிவமைத்தவர், சென்னையில் உயர்நீதிமன்றக் கட்டடத்தோடும் எழும்பூரின் விக்டோரியா நினைவுக் கூடத்தோடும் தொடர்புடைய ஹென்றி இர்வின். அது 41,47,913 ரூபாய்ச் செலவில் 1912இல் முடிந்தது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் அரச குடும்பத்துக்கு ஜகன்மோகனே இருப்பிடமாயிற்று. 1900இல் அடுத்த அரசரான நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் திருமணத்துக்காகப் பழைய கட்டடத்தை ஒட்டிப் பெருமண்டபம் எழுப்பப்பட்டது. 1902 ஆகஸ்டில் கர்சன் பிரபுவின் முன்னிலையில் அதே மண்டபத்தில் அவர் ஆட்சிப் பொறுப்பேற்றார். 1907இல் புதிதாக அமைந்த மைசூர் சட்டமேலவையின் முதற்கூட்டமும், பின்னர் மைசூர் பல்கலைக்கழகத்தின் தொடக்ககாலப் பட்டமளிப்பு விழாக்களும் அங்கேதான் நடந்தன. பொதுமக்களுள் ஒரு பகுதியினர் அரண்மனை வாசலைத் தாண்டி உள்ளே வந்து அமரும் வழக்கம், ஓவியக்கூடம் தோன்றுவதற்கு முன்பே அவ்விடத்தில் ஏற்பட்டுவிட்டது என்பது கவனிக்கத் தக்கது.

இந்தத் தற்காலிக வாசத்தின் நடுவில்தான் ரவிவர்மாவின் இரண்டாவது மைசூர்ப் பணி அமைந்தது. அரண்மனைக்காக ஒன்பது புராணப் படங்களைத் தீட்டும் பொறுப்பை ஏற்ற அவர், உடன் உழைத்த தம்பி ராஜராஜவர்மாவை 1905 தொடக்கத்தில் இழந்து, 1906 அக்டோபரில் தாமும் மறைந்தார். ஆகவே மைசூர்ப் படங்கள் அவருடைய கடைசிப் பணிகளுள் அடங்கும். கௌரவர் அவைக்குத் தூது சென்ற கண்ணனும், வழிவிடாத கடலரசன்மீது அம்பு தொடுக்கும் இராமனும் அவற்றுள் புகழ் பெற்றவை. கண்ணனைக் காட்டும் படத்தில் சினந்தெழும் சாத்யகியைக் கண்ணன் கையால் தடுக்கிறான். அந்த ஒரு கை அசைவில் தூதின் நிலை முழுதும் சொல்லப்பட்டுவிடுகிறது. பட்டுத் திரையும் தூணும் நாடக மேடையை நினைவூட்டுகின்றன என்ற குறை பழையது. மைசூரில் அவற்றைப் பார்த்தவர்களும் நாடகம் பார்த்துப் பழகியவர்களே என்பதால் அவர்களுக்கு அது குறையாகப் பட்டிருக்க வாய்ப்பில்லை.

புதிய அரண்மனைக்குக் குடிபெயர்ந்தபின் வெறுமையான மாளிகை 1915இல் ஓவியக்கூடமாக மாற்றப்பட்டது. ஆயினும் அதற்கு ஒரு கொள்கை வடிவம் கிடைத்தது 1924இல், ஜேம்ஸ் கஸின்ஸ் என்ற ஐரிஷ் கவிஞரின் தூண்டுதலால். அன்னி பெசன்ட்டின் அழைப்பில் 1915இல் சென்னைக்கு வந்து, அடையாற்றின் பிரம்மஞான சபையோடு இணைந்து பணியாற்றிய அவர், அபனீந்திரநாத் தாகூர் வழிவந்த வங்க ஓவியர்களின் படங்களைத் தென்னாட்டுக்கு அறிமுகப்படுத்துவதில் முனைந்தவர். இக்கால இந்திய ஓவியத்துக்கென ஒரு பொதுக்கூடம் அமைய வேண்டும் என்ற அவருடைய யோசனையை மைசூர் அரசர் ஏற்றார். பதினோரு ஆண்டுகளுக்குப் பின் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரா கூடம் அமைந்தபோதும் இதே கஸின்ஸ்தான் துணை நின்றார்.

இங்கே ஒரு முரண் உண்டு. வங்கப் பள்ளியினர் தங்களை வரையறுத்துக்கொண்டதே ரவிவர்மாவை மறுத்துத்தான். கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி, ரவிவர்மாவின் தெய்வங்களை ஐரோப்பிய முறையில் தீட்டிய நாடகப் பாத்திரங்கள் என்று கடுமையாக விமரிசித்தவர். ஜகன்மோகனில் வழக்காடிய இரு தரப்பும் ஒரே கூரையின் கீழ் மாட்டப்பட்டன. வழக்கில் சாட்சியாகக்கூட அழைக்கப்படாத மூன்றாம் தரப்பாக, இரு தரப்புக்கும் பின்னாலுள்ள சுவரில் மைசூர் ஓவியம் இருந்தது. இந்திய மரபுக்குத் திரும்புவோம் என்று பேசியவர்களுக்கு மரபு என்றால் அஜந்தாவும் முகலாயமும் இராஜபுத்திரமும்; தங்கள் காலத்திலும் உயிரோடு, நடந்துபோகும் தொலைவில், புளியங்கரியால் கோடு போட்டுக்கொண்டிருந்த சித்திரக்காரர் அந்தப் பட்டியலில் எளிதில் இடம்பெறவில்லை.

இந்த இடைவெளியைத் தம் வாழ்வில் கடக்க முயன்றவர் கே. வெங்கடப்பா. 1886இல் மைசூரில் அரண்மனை ஓவியர் குடும்பத்தில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, 1909இல் அரச உதவியுடன் கல்கத்தா சென்று அபனீந்திரநாத்திடம் மாணவரானார். சகோதரி நிவேதிதாவும் குமாரசுவாமியும் எழுதி 1913இல் வெளிவந்த இந்து, பௌத்தப் புராணக் கதைத் தொகுப்பில் அவர் படங்கள் உள்ளன. உதகையின் மூடுபனியையும் நிலவொளியையும் நீர்வண்ணத்தில் பிடித்த அவருடைய இயற்கைக் காட்சிகளில், பின்னணியிலிருந்து முன்னோக்கிப் படம் வளர்க்கும் மைசூர்ப் பயிற்சியின் சுவடு தெரிகிறது. வீணை சேஷண்ணாவிடம் வீணையும் கற்றவர் அவர். நால்வடியார் காலத்தில் அரண்மனைக்காகச் சாந்தில் புடைப்புச் சிற்பங்கள் செய்யத் தொடங்கினார். 1940இல் அரசர் மறைந்தபின் ஊதியம் பற்றிய பிணக்கில் அந்தப் பணி நின்றது. 1965இல் அவர் மறைந்தபின், 1970களில் அவர் பெயரால் ஓவியக்கூடம் எழுந்தது பெங்களூரில். மைசூருவின் முதல் பெயர்பெற்ற ஓவியரைப் பார்க்க மைசூருவை விட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது.

ஊரிலேயே தங்கியவர்களுக்கு வேறு வழிகள் திறந்தன. 1906இல் அடிக்கல் நாட்டப்பட்ட சாமராஜேந்திர தொழில்நுட்ப நிறுவனம் ஓவியத்தோடு தச்சு, மரத்தில் நுண்பதிப்பு வேலை, உலோக வேலை ஆகியவற்றையும் ஒரே கூரையின் கீழ் கற்பித்தது. அதுவரை தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்த தொழில் வகுப்பறைக்கும் சான்றிதழுக்கும் மாறியது. 1934 முதல் 1945 வரை புதிய அரண்மனையின் கல்யாண மண்டபத்தில் தீட்டப்பட்ட 26 தசரா ஊர்வலப் படங்கள் இந்த மாற்றத்தின் விளைச்சல். ஒளிப்படங்களைத் துணைக்கொண்டு எண்ணெய் வண்ணத்தில் தீட்டப்பட்ட அவற்றில் ஒவ்வொரு அதிகாரியின் முகமும் இன்னார் என்று அடையாளம் காணத்தக்கது. கேசவய்யா முதலிய அவற்றின் ஓவியர்களின் பெயரும் தெரியும். எழுபது ஆண்டுகளுக்கு முன் ரங்கமகாலில் அதே ஊர்வலத்தைத் தீட்டியவர்களுக்குக் கிடைக்காத சிறப்பு அது.

ஓவியக்கூடத்தின் புகழுக்குப் பெரிதும் காரணமான படம் கடைசியாக வந்தது. சாவந்த்வாடியில் பிறந்து மும்பையில் ஓவிய ஆசிரியராக வாழ்ந்த எஸ்.எல். ஹல்தங்கர், தம் மகள் கீதாவைச் சேலையில் விளக்கேந்தி நிற்கச் செய்து 1945-46இல் தீட்டிய நீர்வண்ணப் படம் அது. எண்ணெய் வண்ணத்தில் தவறினால் மேலே பூசித் திருத்தலாம். நீர்வண்ணத்தில் தாளின் வெண்மையே ஒளி என்பதால், இருளைச் சுற்றிலும் கட்டிக்கொண்டே ஒளிக்கு இடம் விட்டுவைக்க வேண்டும். விரல்களின் இடுக்கில் சிவந்து கசியும் வெளிச்சமும், கீழிருந்து மேலாக முகத்தில் படரும் மஞ்சளும் அவ்வாறு விட்டுவைக்கப்பட்டவை. இருட்டறையில் இதைத் தனியே வைத்துக் காட்டும் ஏற்பாடு, விளக்கு உண்மையிலேயே எரிவதுபோன்ற மயக்கத்துக்காகச் செய்யப்பட்டது. வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் நீர்வண்ணத்துக்கு அதுவே நல்ல பாதுகாப்பாகவும் அமைந்துவிட்டது. பக்கத்து அறையின் புகழ் இந்த அறைக்கும் படர்ந்து, இதையும் ரவிவர்மா தீட்டியதாகவே பலர் இன்றுவரை நம்புகின்றனர். பெயர் பெற்ற கலைஞனும் அருங்காட்சியகத்தில் பெயரை இழக்க முடியும் என்பதற்கு ஹல்தங்கரே சான்று.

நாடு விடுதலை பெற்று, சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபின், இசையறிஞரும் பிற்காலத்தில் 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராக இருந்தவருமான ஜெயசாமராஜேந்திர உடையாரின் பெயர் 1955இல் கூடத்துக்கு இடப்பட்டது. நிர்வாகம் அறக்கட்டளைக்கு மாறியது. அப்போது உள்ளே இருந்தவை ஓவியங்கள் மட்டுமல்ல. ஒவ்வொரு நொடிக்கும் முரசொலியும் மணிக்கொரு முறை பொம்மை வீரர்களின் அணிவகுப்பும் காட்டும் பிரெஞ்சுக் கடிகாரம், உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்க்க வேண்டிய அரிசிமணி ஓவியங்கள், வாத்தியங்கள், படைக்கலங்கள் எல்லாம் அங்கே உண்டு. அரண்மனைப் பொருட்களைக் கலை, வேடிக்கை, நினைவு என்று பிரிக்காமல் ஒன்றாக வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டை அருங்காட்சியக வல்லுநர்கள் குறை சொல்வதுண்டு. ஆனால் குடும்பத்தோடு வரும் பார்வையாளர் ஒருவர் கடிகாரத்துக்காக நின்று சந்தானாம்புஜத்தைப் பார்த்துவிட்டுப் போவதும் இந்தக் கலப்பினால்தான்.

வட்டாரக் கலைக்கு ஜகன்மோகனில் உரிய இடம் கிடைக்காத குறையை மைசூருவின் பிற கூடங்கள் வேறு வேறு பக்கங்களிலிருந்து நிரப்பின. எந்த இளவரசியின் திருமணத்தில் பழைய அரண்மனை எரிந்ததோ அவருக்காகக் கட்டப்பட்ட ஜெயலட்சுமி விலாசத்தில், 1960களின் இறுதியில் பல்கலைக்கழகம் நாட்டார் அருங்காட்சியகத்தை அமைத்தது. ஓவியர் பி.ஆர். திப்பேசுவாமி போன்றோர் ஊர் ஊராகச் சென்று திரட்டிய தோற்பாவைகளும் யக்ஷகான அணிகளும் ஊர்த்தேவதைகளின் உருவங்களும் அங்கே இடம்பெற்றன. ஓவியக் கல்வியில், ஓவியர் ஸ்வெதோஸ்லாவ் ரோரிக்கின் வழிகாட்டலில் 1980களின் தொடக்கத்தில் சாமராஜேந்திர காட்சிக்கலைக் கழகம் உருவாயிற்று. அவருடைய படங்களும் அவர் தந்தை நிகோலாய் ரோரிக்கின் இமயமலைப் படங்களும் ஜகன்மோகனில் உள்ளன.

மைசூர் மரபோவியம் இப்போது புவிசார் குறியீடு பெற்ற பொருள். ஊரின் பல வீடுகளிலும் பட்டறைகளிலும் அதைத் தீட்டுவோர் ஓரத்தில் கையொப்பமும் இடுகின்றனர். ரங்கமகால் சுவர்களின் நிலை வேறு. சட்டமிட்ட படத்தைக் கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்பலாம், வேறு நகரக் கண்காட்சிக்குக் கடன் கொடுக்கலாம், கட்டடம் பழுதானால் இடம் மாற்றலாம். சுவரோவியத்துக்கு இவற்றுள் எதுவும் இயலாது. மேல்தளத்தின் ஒழுக்கும், சுண்ணப்பூச்சில் ஏறும் ஈரமும், பூச்சு சுவரைவிட்டு உப்பி எழுவதும் நேராக அதையே தாக்குகின்றன. அதன் பாதுகாப்பு ஓவியக் காப்பாளரின் கையில் இருக்கும் அளவுக்குக் கூரையைச் செப்பனிடும் கொத்தனாரின் கையிலும் இருக்கிறது. பண்பாட்டுச் சொத்துகளைப் பாதுகாக்கும் தேசிய ஆய்வகத்தின் மண்டலக் கிளை மைசூருவிலேயே இயங்குவதால் வேதியியல் அறிவுக்குக் குறைவில்லை. கூரையையும் வடிகாலையும் ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் சரிபார்ப்பதுதான் அந்தச் சுவர்களுக்கு முதலில் தேவைப்படும் வேலை.